தோலைக் கேட்டு மாறிய கருவி

பேஸ்மேக்கரின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை மின்சாரத்தின் கதையாகவே எழுதுகிறார்கள். டிரான்சிஸ்டர் வந்தது, பேட்டரி சிறுத்தது, கருவி இளைத்தது என்று அந்த வரிசை போகும். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஓர் உறுப்பு அதில் முழுதாக விடுபட்டுப்போகிறது. இதயத்துக்கும் கருவிக்கும் நடுவே தொடக்கம் முதல் இன்றுவரை தோல் இருந்துவருகிறது. மின்சாரம் அதைக் கடக்க வேண்டியிருந்தது. பிறகு கம்பி கடக்க வேண்டியிருந்தது. கடைசியில் கருவியே அதற்கு அடியில் குடியேற வேண்டியிருந்தது. இந்தக் கருவி பெரிய அளவில் உருமாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கியதில் முதல் பங்கு தோலுக்கே என்பது என் வாதம். அறுவைக்குப் பிறகு தேறிவரும் ஒருவர் ‘இந்த இடம் இழுக்குது, அரிக்குது, தொட்டா மரத்துக் கிடக்குது’ என்று சொல்லும்போது அதைச் சில்லறைப் புகாராகத் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சில்லறைப் புகாரைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கருவி இன்றைய உருவத்துக்கு வந்தது.

நின்றுபோகும் இதயத்தை மின்துடிப்புகளால் நடத்தலாம் என்ற யோசனையை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் மெக்வில்லியம் 1889-இலேயே எழுதிவைத்தார். 1920-களின் இறுதியில் சிட்னியில் மார்க் லிட்வில் என்ற மருத்துவரும் எட்கர் பூத் என்ற இயற்பியலாளரும் அதைக் கருவியாகச் செய்தார்கள். அதன் ஒரு முனை, கெட்டியான உப்புக் கரைசலில் நனைத்துத் தோல்மேல் வைக்கும் பட்டை. மறுமுனை, நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பு பூசிய ஊசி. அதை மார்பு வழியே இதயத்துக்குள் இறக்க வேண்டும். பிறந்தும் உயிர்க்குறி இல்லாமல் கிடந்த ஒரு குழந்தையின் இதயம் அதனால் துடிக்கத் தொடங்கியது. 1932-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஹைமன் செய்த, கையால் முடுக்கிவிடும் கருவியும் ஊசியைத்தான் நம்பியது. உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. அதை நனைத்து இணங்கவைக்க வேண்டும், அல்லது துளைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவேதான் அடுத்த முப்பது ஆண்டு முயற்சியும் நடந்தது.

முதல் வழியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் பால் சோல். 1952-இல் அவர் மார்பின் மேலிருந்தே மின்துடிப்பு செலுத்தி, இதயம் அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்த 65 வயதுக்காரர் ஒருவரை ஏறத்தாழ 52 மணி நேரம் காப்பாற்றினார். அவர் பிழைத்து வீடு திரும்பினார். மார்பைத் திறக்காமல் இதயத்தை நடத்தலாம் என்று மருத்துவ உலகம் அன்று கண்டுகொண்டது. ஆனால் அதற்கான விலையைத் தோல் செலுத்தியது. இதயத் தசையை நேரடியாகத் தொட்டால் சில வோல்ட் போதும். தோலின் மேலிருந்து செலுத்தும்போது 50 முதல் 150 வோல்ட்வரை வேண்டியிருந்தது. அந்த மின்சாரம் இதயத்தை அடைவதற்கு முன் தோலின் நரம்பு நுனிகளையும் மார்புத் தசைகளையும் கடக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மார்பு உதறும், நோயாளியோ விழித்திருப்பார். மணிக்கணக்கில் நீடித்தால் மின்முனை வைத்த இடம் சிவந்து கொப்புளித்துப் புண்ணாகும். விழித்திருப்பவரால் பொறுக்க முடியாத அளவுக்கு அந்த வேதனை இருந்தது. சோல் இதை மறக்கவில்லை. 1980-களில் அவர் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பினார். மின்முனையின் பரப்பை அகலமாக்கி, ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் நீட்டினால் தோல் எரிவது குறைகிறது என்று காட்டினார். இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மார்பில் ஒட்டும் அகலமான பசைப் பட்டைகள் அந்தப் பாடத்தின் விளைவு. அப்போதும் அது சில மணி நேரத்துக்கான ஏற்பாடுதான்; வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள்.

அடுத்த அடி மினசோட்டாவில் விழுந்தது. அங்கே வால்டன் லில்லஹை, இதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்தார். ஓட்டையைத் தைக்கும்போது சில குழந்தைகளின் இதயத்தில் மின்தடம் அறுபட்டுத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். சோலின் முறையைக் குழந்தைகளின் தோல் தாங்காது. எனவே 1957 ஜனவரியில், மெல்லிய கம்பி ஒன்றை இதயத் தசையிலேயே தைத்து, மறுமுனையை மார்புத் தோல் வழியே வெளியே எடுத்துக் கருவியோடு இணைத்தார்கள். தேவைப்படும் வோல்ட் சட்டென்று இறங்கியது. எரிச்சலும் உதறலும் ஒழிந்தன. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று மினியாபொலிசில் மின்சாரம் போனதும், சுவர் மின்சாரத்தை நம்பியிருந்த அன்றைய கருவிக்கு மாற்றாகப் பொறியாளர் எர்ல் பேக்கன் சில வாரங்களில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் கருவியைச் செய்து கொடுத்ததும் எல்லோரும் சொல்லும் கதை. அவ்வளவாகச் சொல்லப்படாதது ஒன்று உண்டு. அந்தக் குறைந்த வோல்ட்டில் இயங்கும் கருவி சாத்தியமானதே, மின்சாரம் தோலைத் தாண்டிப் போகத் தொடங்கிய பிறகுதான். பேக்கனின் கருவி குழந்தையின் உடையில் மாட்டிவிடும் அளவுக்குச் சிறிதாக இருந்தது. சோலின் வோல்ட்டை அந்தப் பேட்டரியிலிருந்து யாராலும் எடுத்திருக்க முடியாது.

ஆனால் துளைக்கப்பட்ட தோல் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனது. உடம்புக்கு அது வேலி. கம்பி வெளிவரும் துளை ஒருபோதும் முழுதாக மூடாது. தோலின் மேல் சாதாரணமாக வாழும் கிருமிகள் கம்பியின் வழியே உள்ளே இறங்கும். தானாகவே துடிப்பு சீரடையும் குழந்தைகளுக்குச் சில நாளிலோ வாரத்திலோ கம்பியை இழுத்து எடுத்துவிடலாம். நிரந்தரமாக மின்தடம் கெட்டுப்போன முதியவர்களுக்கு என்ன செய்வது? 1958-இல் நியூயார்க்கின் மாண்டிஃபியோர் மருத்துவமனையில் சேமூர் ஃபர்மன், மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே கம்பியை இதயத்துக்குள் கொண்டுபோய் ஒரு முதியவரை 96 நாள் நடத்திக்காட்டினார். பெரும் சாதனை அது. அப்போதும் கம்பி வெளிவரும் வாயில் ஒன்று தோலில் திறந்தே இருந்தது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே செனிங், பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டின் துணையோடு 1958 அக்டோபர் 8 அன்று கருவியையே முழுதாக உடம்புக்குள் வைத்துத் தைத்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி வழியே ஏறும் தொற்றை ஒழிக்க, தோலில் எந்த வாயிலும் இல்லாமல் மூடிவிட வேண்டும் என்பதே செனிங்கின் நோக்கம். நோயாளி 43 வயது ஆர்னே லார்சன். ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை நினைவிழந்து விழுந்துகொண்டிருந்தவர். அவர் மனைவி எல்ஸ்-மாரி விடாமல் வற்புறுத்தியதால்தான் அந்த அறுவையே நடந்தது. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்சி பிசினில் வார்த்த அந்தக் கருவி 55 மில்லிமீட்டர் குறுக்களவும் 16 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதன் பேட்டரிக்குத் தோலின் மேலிருந்தபடியே, துளையே இல்லாமல் மின்னூட்டம் கொடுக்க முடியும். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது. கையோடு வைத்திருந்த இரண்டாவதைப் பொருத்தினார்கள். லார்சன் அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 டிசம்பர் வரை, 86 வயது வாழ்ந்தார். அவர் உயிரைப் பறித்தது தோலில் தோன்றும் மெலனோமா புற்றுநோய். கருவிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. கருவி உள்ளே போனது டிரான்சிஸ்டரும் சிறிய பேட்டரியும் கிடைத்ததால்தானே, அவை இல்லாமல் தோல் எவ்வளவு கெஞ்சினாலும் எதுவும் நடந்திருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். தொழில்நுட்பம் எதைச் செய்ய முடியும் என்பதற்கு எல்லை போட்டது. ஆனால் அந்த எல்லைக்குள் எந்தத் திசையில் போவது என்பதை அது சொல்லவில்லை. இதற்குச் சான்று பர்மிங்காமில் இருக்கிறது. 1960-இல் அங்கே லியோன் ஏப்ராம்ஸ் குழுவினர் பேட்டரியை வெளியிலேயே வைத்தார்கள். உள்ளே வெறும் கம்பிச்சுருள் மட்டும். அதற்கு நேர்மேலே தோலில் இன்னொரு சுருளை ஒட்டிவிட்டால் மின்துடிப்பு துளையில்லாமல் உள்ளே போய்ச் சேரும். பேட்டரி தீர்ந்தால் சட்டைப் பையிலேயே மாற்றிக்கொள்ளலாம், அறுவை வேண்டாம். பேட்டரிதான் முழுச் சிக்கல் என்றால் இந்த வடிவமே வென்றிருக்க வேண்டும். அது நன்றாகவே வேலை செய்தது. பலர் அதனால் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இருந்தும் அது நிலைக்கவில்லை. வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இரவும் பகலும் ஒரு சுருளை ஒரே இடத்தில், நகராமல், பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு வாழ்வதென்பது மனிதத் தோலுக்கு எளிய காரியமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

பஃபலோவில் வில்லியம் சார்டாக், ஆண்ட்ரூ கேஜ், வில்சன் கிரேட்பேட்ச் மூவரும் 1960-இல் மெர்க்குரி பேட்டரியோடு பொருத்திய கருவியே பிறகு வந்தவற்றுக்கு முன்மாதிரியானது. முதலில் கருவியை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள். 1960-களின் நடுவில் ஃபர்மன் காட்டிய ரத்தக்குழாய் வழி நிலைபெற்றபோது அது காறை எலும்புக்குக் கீழே, மார்புக்கு இடம் மாறியது. அங்கே அறுவை எளிது; ஆனால் அந்த இடத்தில் பலருக்குச் சதை குறைவு. அன்றைய கருவிகளோ நூறு கிராமைத் தாண்டியவை, விளிம்பு தடித்தவை. மெலிந்த முதியவரின் மார்பில் அது உள்ளிருந்து இடைவிடாமல் அழுத்தும். தோல் மெல்ல மெலியும், மினுமினுக்கும், நிறம் மங்கும். ஒருநாள் கருவியின் மூலை வெளியே தெரியும். கருவி சரிந்து நகராமலிருக்க அறுவை மருத்துவர் விக்டர் பார்சனட் நெய்த துணிப்பை ஒன்றில் அதைப் போட்டுப் புதைத்தார். 1968-இல் கனடாவிலிருந்து வேறொரு விந்தையான செய்தி வந்தது. தோலுக்கடியில் கிடக்கும் கருவியை நோயாளியே விரலால் திருப்பித் திருப்பி, கம்பி முறுக்கேறி இதயத்திலிருந்து விலகிவிட்டிருந்தது. அதன்பின் இப்படிப்பட்டவர்கள் பலர் பதிவானார்கள். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. உடம்பில் புதிதாக முளைத்த மேட்டைக் கை தேடிப்போகும். அது அரிக்கும், குறுகுறுக்கும், இடம் தளர்வாக இருந்தால் அசையவும் செய்யும். கருவியைத் தசையோடு தைத்துக் கட்டும் வழக்கத்துக்கு இந்தப் பதிவுகள் வலுச்சேர்த்தன.

பேட்டரி மாற்றத்தின் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. மெர்க்குரி பேட்டரி ஐந்தாண்டு ஓடும் என்று எதிர்பார்த்தார்கள்; பலருக்கு இரண்டாண்டுகூட ஓடவில்லை. தீர்ந்த ஒவ்வொரு முறையும் பழைய தழும்பின் மேலேயே மறுபடி கீற வேண்டும். ஆறிய தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே நுழையும் கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குறைவு. டென்மார்க்கில் 46,299 பேரின் பதிவேட்டை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, முதல் பொருத்தலைவிடக் கருவி மாற்றும்போது தொற்று ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. 1972-இல் தொடங்கிய லித்தியம்-அயோடின் பேட்டரியையும், நீராவி புகாமல் பற்றவைத்து மூடிய டைட்டானியம் உறையையும் மின்னியல் வெற்றி என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், அதே தோலை இரண்டாண்டுக்கு ஒருமுறை கீறுவது நின்றுபோய் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆனதே அதன் பயன்.

உறையின் பொருள் மாறியது தோல் மருத்துவர்களையும் இந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. கருவியின் மேலுள்ள தோலில் ஒவ்வாமைப் படை வருவதை 1970-இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அதன்பின் எபாக்சி, நிக்கல், சிலிக்கோன், பாலியூரித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தன. மிக அரிதாக டைட்டானியமும். பட்டை ஒட்டிச் சோதித்து உறுதியானவர்களுக்குக் கருவிக்குத் தங்க முலாம் பூசியோ வேறு பொருளால் சுற்றியோ மாற்றி வைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர்கள் மற்றொன்றைக் கண்டார்கள்: கருவிக்கு நேர்மேலே வலைபோல் விரிந்த நுண்ணிய ரத்தக்குழாய்களோடு கூடிய சிவப்பு. அதில் சீழும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை; பெரும்பாலும் தீங்கும் இல்லை. இவையெல்லாம் அரிய நிலைகள். அரியவை என்பதாலேயே ஓர் ஆபத்தும் சேர்ந்துவருகிறது. கருவி வைத்த இடம் சிவந்தால் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. உள்ளே தொற்று இல்லை என்று உறுதியான பிறகே ஒவ்வாமையை நினைக்க வேண்டும் என்ற விதி இந்த அரைநூற்றாண்டுப் பதிவுகளிலிருந்து தேறியது.

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவருக்கு முதல் வாரங்களில் தோன்றும் பெரும்பாலான தொல்லைகள் தாமாக ஆறிப்போகிறவைதாம். காறை எலும்புக்குக் கீழே நாலைந்து சென்டிமீட்டர் கீறும்போது தோலின் சிறு நரம்புக் கிளைகள் அறுபடும். அதனால் சில நாள் மரத்துக் கிடக்கும்; நரம்பு மீண்டும் துளிர்க்கும்போது குறுகுறுப்பும் சுருக்கென்ற குத்தலும் வரும்; ஆறும் புண் அரிக்கும். உள்ளே கசிந்த ரத்தம் கீழிறங்குவதால் கன்றிய நிறம் மார்பிலும் கையிலும் பரவித் தெரியும். பிளாஸ்திரியின் பசை சிலருக்கு அதே வடிவத்தில் தடிப்பை உண்டாக்கும். ரவிக்கையின் தையலோ பையின் வாரோ கார் பெல்ட்டோ அந்த இடத்தில் உரசினால் எரியும். பழைய மருத்துவக் குறிப்புகள் இவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தரவில்லை. உயிர் பிழைத்தவருக்கு அரிப்பு ஒரு குறையா என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

அந்த எண்ணத்தை மறுப்பாகவே எடுத்துக்கொள்வோம். மயங்கி விழுந்து சாக இருந்தவரை எழுப்பி நடக்கவைத்த கருவிக்கு முன்னால் தோலின் தொல்லை எம்மாத்திரம் என்று கேட்டால், எடைபோட்டுப் பார்ப்பதில் அது சரியான கேள்வி. நோயாளிகளே பலர் அப்படித்தான் எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கருவி தந்த உயிரைத் திரும்பப் பறிக்கும் வழியும் அதே தோல் வழியேதான் வருகிறது. 1998-இல் பிரெஞ்சு மருத்துவர்கள், அறுவைக்கு முன் நோயாளியின் தோலில் எடுத்த கிருமியும் பிறகு கருவியைச் சுற்றிச் சீழ் வைத்த கிருமியும் சிலரிடம் ஒன்றே என்று மூலக்கூறு அளவில் காட்டினார்கள். பிரேசிலிலிருந்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர்களில் 0.63 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 3.28 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2013-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு நீண்டநாள் வழக்கம் ஒன்றை உடைத்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதை நிறுத்திவிட்டு ஹெப்பாரின் கொடுத்து அறுவை செய்வார்கள். அப்படிச் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குக் கருவியைச் சுற்றிப் பெரிய ரத்தக்கட்டு வந்தது, வார்ஃபரினை நிறுத்தாமலே செய்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்குத்தான். அப்படி ரத்தம் கட்டியவர்களுக்கு ஓராண்டுக்குள் கடுந்தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அதே குழு 2016-இல் தொடர்ந்து காட்டியது. தோலுக்கடியில் ஒரு வீக்கம், கொஞ்சம் இறுக்கம் என்று நோயாளி சொன்னது வெறும் அசௌகரியமாக இருக்கவில்லை.

இன்னொரு தயக்கமும் மருத்துவர்களிடம் உண்டு: ஒவ்வொரு அரிப்பையும் பெரிதாக்கச் சொன்னால் நோயாளி அச்சத்திலேயே வாழ்வார் என்பது. அச்சம் விவரம் தெரியாததால் வளர்வது. அரிப்பு, மரத்துப்போதல், பரவி மங்கும் கன்றல் ஆகியவை நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், கசிந்தால், சுட்டால், தோல் கருவியோடு ஒட்டி மெலிந்தால், காய்ச்சல் சேர்ந்தால் அது வேறு. இவ்வளவையும் வீடு திரும்பும் நாளில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். தொற்றின் முதல் அடையாளம் சிவப்பு என்று படித்த பாடம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் நம்மூர் மருத்துவமனைகள் நினைவில் வைக்க வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. கருத்தும் ஊதா பாரித்தும்தான் காட்டும். அங்கே கண்ணைவிடத் தொட்டுப் பார்க்கும் விரல் நம்பகமானது.

தோலை முழுதாக விட்டு விலகும் முயற்சியும் இந்த வரலாற்றில் வந்துவிட்டது. 2012-இலும் 2013-இலும் பிராக் நகரிலும் ஆஸ்திரியாவின் லின்ஸிலும், கம்பியும் தோலடிப் பையும் இல்லாத, இதயத்துக்குள்ளேயே அமரும் கருவிகள் முதன்முதலாக மனிதர்களுக்கு வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் எடை சுமார் 2 கிராம். தொடை ரத்தக்குழாய் வழியே போகிறது. மார்பில் தழும்பே இல்லை. ஆனால் அது எல்லா வகைத் துடிப்புக் கோளாறுக்கும் பொருந்தாது, விலையும் அதிகம். உலகில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் காறை எலும்புக்குக் கீழேதான் கருவி வைக்கிறார்கள். அந்த இடத்தைக் காக்கும் ஆராய்ச்சி ஓயாததற்கும் அதுவே காரணம்: 2019-இல் ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்த ஆய்வில், ஆன்டிபயாடிக் தோய்த்த கரையும் உறை ஒன்று பெருந்தொற்றை 1.2 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாக இறக்கியது.

எனவே பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். புண் ஆறிவரும் நாட்களில் அந்த இடத்தில் எது தோன்றினாலும், கருவி பொருத்திய மருத்துவமனையிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். எண்ணெயோ மஞ்சளோ களிம்போ நீங்களாகப் பூச வேண்டாம். வீக்கம் இருக்கிறதென்று பக்கத்து கிளினிக்கில் ஊசி குத்தி நீரோ ரத்தமோ எடுக்க யார் முன்வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஊசி, இதயம்வரை போகும் கம்பியின் பாதையில் கிருமியை இறக்கிவிடக்கூடும்.